தெரிந்தேதான் போனேன்

போன மாதம் வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர், ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த சின்ன முக்கோணப் பொம்மையைக் காட்டி, “எகிப்து போயிருந்தியா? சொல்லவே இல்லையே” என்றார். எகிப்து இல்லை, போஸ்னியா என்றேன். போஸ்னியாவில் ஏது பிரமிடு என்று கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, “இது பொய்யாமே?” என்றார். பொய்தான் என்றேன். “தெரிஞ்சேவா போனே?” தெரிந்தேதான். அவர் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை. இந்தக் கேள்வியை விசோகோ என்கிற அந்த ஊரிலேயே ஒருவர் என்னிடம் வேறு மாதிரி கேட்டிருக்கிறார். அன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை.

விசோகோ, போஸ்னியாவின் தலைநகர் சரயேவோவிலிருந்து வடமேற்கே சுமார் 30 கிலோமீட்டர். போஸ்னா ஆறும் ஃபொய்னிட்சா ஆறும் சேருமிடத்தில், நாலு பக்கமும் பச்சை மலைகளுக்கு நடுவே கிண்ணத்துக்குள் வைத்தது போல இருக்கும் சின்ன ஊர். சுற்றியிருக்கும் கிராமங்களையெல்லாம் சேர்த்தே 2013 கணக்கெடுப்பில் நாற்பதாயிரம் பேர்தான். ஊரின் தலைக்கு மேலே விசோச்சிட்சா என்ற மலை. பேருந்து ஊருக்குள் திரும்பும்போது ஜன்னல் வழியாக முதல் முறை அதைப் பார்த்தேன். என்ன சிரிப்பு சிரிக்கலாம் என்று தயார் செய்துகொண்டு போனவன் வாயடைத்துப் போனேன். உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? அது பிரமிடு மாதிரியேதான் இருக்கிறது. ஊரைப் பார்த்த முகம் ஸ்கேல் வைத்து வெட்டியது போல முக்கோணம். விளிம்புகள் நேராக இறங்குகின்றன. புல்லும் மரமும் மூடிய பிரமிடு என்று யாராவது சொன்னால், முதல் பத்து நொடிக்கு நானும் நம்பிவிடுவேன்.

அந்தப் பத்து நொடி 2005இல் செமிர் ஒஸ்மனாகிச் என்பவருக்கு வந்தது. போஸ்னியாவில் பிறந்து அமெரிக்காவின் ஹூஸ்டனில் உலோகத் தொழில் நடத்திவந்தவர். மாயன் பிரமிடுகளைப் பற்றி ஏற்கனவே புத்தகம் எழுதியவர். இது மலை இல்லை, 12,000 ஆண்டுக்கு முன் மனிதர் கட்டிய சூரியப் பிரமிடு, உயரம் 220 மீட்டர், கீசாவின் பெரிய பிரமிடைவிட உயரம் என்று அறிவித்தார். 2006 ஏப்ரலில் தோண்ட ஆரம்பித்தார்கள். பக்கத்து மலைகள் சந்திரப் பிரமிடு, டிராகன் பிரமிடு என்று வரிசையாகப் பெயர் வாங்கின. மிச்சக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். போஸ்னியாவின் தூஸ்லா பல்கலைக்கழக நிலவியலாளர்கள் வந்து பார்த்து, இது இயற்கை மலை, இந்த வட்டாரத்தில் இப்படி டஜன் கணக்கில் இருக்கின்றன என்றார்கள். மனிதர் தோன்றுவதற்கு வெகு முன்பான மயோசீன் காலத்தில் இங்கே ஏரி இருந்திருக்கிறது. அடியில் களிமண்ணும் மணலும் கூழாங்கல்லும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகின. பிறகு பூமி அந்த அடுக்குகளைச் சாய்த்துத் தூக்க, மழையும் ஆறும் ஓரங்களை அரித்தன. கூழாங்கல் இறுகிய பாறை சிமென்ட் கலவை மாதிரியேதான் இருக்கும். பலகை பலகையாகவும் உடையும். அதைத்தான் ‘பழங்காலக் கான்கிரீட்’ என்று காட்டுகிறார்கள். 2006 டிசம்பரில் ஐரோப்பியத் தொல்லியலாளர் சங்கம் ஓர் அறிக்கை விட்டது. ஐரோப்பாவின் மூத்த தொல்லியலாளர்கள் ஏழு பேர் கையெழுத்திட்டு, இது ஒன்றுமறியாத மக்கள்மேல் நடத்தப்படும் கொடூரமான ஏமாற்று என்றார்கள். அவ்வளவு கடுமையான வார்த்தையை அந்த மாதிரி ஆட்கள் லேசில் எழுதமாட்டார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் போனேன். பொய்யை நேரில் பார்க்கும் ஆசை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

உப்புக்கண்டமும் முக்கோணமும்

கடைத்தெருவை அங்கே சார்ஷியா என்கிறார்கள். துருக்கியர் விட்டுச்சென்ற சொல். பேட்டைக்குப் பெயர் மஹாலா. நம் மொஹல்லாவின் அண்ணன் தம்பி. விசோகோவுக்கு அந்தக் காலத்திலிருந்தே புகழ் வாங்கித்தந்தவை இரண்டு: தோல், மாட்டிறைச்சி உப்புக்கண்டம். மாட்டைத் தின்று தோலைப் பதனிட்டு வாழ்ந்த ஊர் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். உப்பில் ஊறவைத்து மரப்புகையில் வாரக்கணக்கில் தொங்கவிட்ட மாட்டுத் தொடைக்கறி, வெட்டினால் கருஞ்சிவப்பாக, கண்ணாடிக் காகிதம் போல மெல்லியதாக வரும். வாயில் போட்டால் முதலில் புகை, பிறகு உப்பு, கடைசியில்தான் கறி. நான் தங்கிய வீட்டில் காலைச் சாப்பாட்டுக்கே அதை வைத்தார்கள். நாட்டில் நிறையப் பேர் குடிக்கும் காபித்தூளும் இந்த ஊர்த் தொழிற்சாலையிலிருந்துதான் வருகிறது. காற்று திரும்பினால் தெருவில் வறுத்த காபி வாசனை அடிக்கிறது.

இத்தனை இருந்தும் கடைகளில் தொங்குவது முக்கோணம்தான். சாவிக்கொத்தில், கோப்பையில், சட்டையில், மரப்பெட்டியில். என் வீட்டுக்காரர் அறுபதைத் தாண்டியவர். 1992-95 போஸ்னியப் போருக்கு முன் தோல் தொழிற்சாலையில் வேலை. போர்க்காலத்தில் இந்த ஊர் ஐ.நா.வின் கனடியப் படைக்கு முகாமாக இருந்தது. அப்போது குடும்பத்தை ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டு அவர் இங்கேயே இருந்திருக்கிறார். போர் முடிந்தபோது தொழிற்சாலை பழைய தொழிற்சாலையாக இல்லை. 2006இல் பிரமிடு பார்க்க ஆள் வர ஆரம்பித்ததும் மாடி அறையைச் சுண்ணாம்படித்து வாடகைக்கு விட்டார். அவருக்கு ஆங்கிலம் வராது. சரயேவோவில் ஆசிரியையாக இருக்கும் மகள் அந்த வார இறுதியில் ஊருக்கு வந்திருந்தார். அவர்தான் எங்களுக்கு நடுவில் மொழிபெயர்த்தார்.

முதல் நாள் எல்லோரையும் போல, பிரமிடைச் சேர்ந்தது என்று காட்டப்படும் ரவ்னே சுரங்கத்துக்குப் போனேன். தலையில் கவசத்தை மாட்டி, குனிந்து குனிந்து உள்ளே நடக்க வேண்டும். வெளியே ஜூலை வெயில், உள்ளே ஜில்லென்று இருந்தது. எதிர்மின் அயனிகள், உடம்பைக் குணமாக்கும் சக்தி என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டே போனார். ஒரு வளைவில் மேடை மாதிரி பலகை போட்டு, அதில் ஒரு அம்மாள் கண்மூடி உட்கார்ந்திருந்தார். முழங்காலில் இரண்டு கையையும் பொத்தி வைத்திருந்தார். எங்கள் கூட்டம் அவரைத் தாண்டும்போது எல்லோரும் தானாகக் குரலைத் தாழ்த்தினோம், நான் உட்பட. அயனியை நான் நம்பவில்லை. ஆனால் அந்தக் கைகளைப் பார்த்துவிட்டுக் கிண்டல் செய்ய எனக்கு வாய் வரவில்லை.

உச்சியில் இருப்பது

மறுநாள் மலை ஏறினேன். பாதி தூரம் வரை வீடுகளும் பிளம் மரங்களும். அப்புறம் தோண்டிய குழிகள், கயிறு கட்டிய பாறைப் பலகைகள், விளக்கப் பலகைகள். பெரும்பாலோர் அங்கேயே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதற்கு மேலே ஏறுவதற்கு நல்ல மூச்சு வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 767 மீட்டர் உயரத்தில் உச்சி. அங்கே இருப்பது ஒரு கோட்டையின் இடிபாடு. இந்தக் கோட்டைக்குப் பெயர் விசோக்கி, அதாவது உயரமானது. ஊர்ப்பெயரே அதிலிருந்து வந்ததுதான். 1355இல் த்வர்ட்கோ என்ற இளம் ஆட்சியாளர் எழுதிக்கொடுத்த ஆவணத்தில் இந்தக் கோட்டையின் பெயர் வருகிறது. அதே த்வர்ட்கோ 1377இல் போஸ்னியாவின் முதல் அரசராக முடிசூட்டிக்கொண்டார். கீழே, கோட்டையின் காலடியில், பொட்விசோக்கி என்ற சந்தையூர். அட்ரியாடிக் கரையின் துப்ரோவ்னிக்கிலிருந்து வந்த வணிகர்கள் அங்கே குடியேறி வியாபாரம் செய்தார்கள். 1463இல் துருக்கியர் வரும் வரை இந்தப் பள்ளத்தாக்குதான் ஒரு ராஜ்யத்தின் நடுவீடு.

இடிந்த சுவரில் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்தேன். உச்சியில் என்னைத் தவிர யாரும் இல்லை. மலையின் பின்பக்கம் எட்டிப் பார்த்தால் அங்கே முக்கோணமும் இல்லை ஒன்றும் இல்லை. சாதாரண மலைமுகடு நீண்டு இன்னொரு மலையோடு போய்ச் சேருகிறது. கோபம் அங்கேதான் ஆரம்பித்தது. இல்லாத 12,000 ஆண்டை எல்லோரும் வந்து தொட்டுப் பார்க்கிறார்கள். இருக்கிற அறுநூறு ஆண்டுக்கு மேலே ஏற ஆளில்லை. இந்த மலையில் தோண்டுவது உண்மையான இடைக்கால எச்சங்களைக் கெடுத்துவிடும் என்று போஸ்னியத் தொல்லியலாளர்களே அப்போது பயந்தார்கள். அந்தப் பயம் எனக்கு முதல் முறையாகக் காலடியில் புரிந்தது.

கோபத்தோடு கோபமாக, அன்று மதியமே சுற்று கிராமங்களைப் பார்க்கக் கிளம்பினேன். வீட்டுக்காரர் மகளின் பழைய சைக்கிள், செயின் கழன்று கழன்று மாட்டிய ஒரு சைக்கிள். அர்னாவுத்தோவிச்சி என்ற கிராமத்துக்கு இடைக்காலப் பெயர் மிலே. அரசர்கள் முடிசூடிய இடம் இதுதான் என்று வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள். த்வர்ட்கோவும் அவருக்கு முன் ஆண்ட சித்தப்பா, இல்லை, பெரியப்பா ஸ்டீஃபன் கொத்ரொமானிச்சும் அங்கே தேவாலயத்துக்குள் புதைக்கப்பட்டார்கள். கல்லறையிலிருந்து கிடைத்த அரச உடையின் சரிகைத் துணித்துண்டு சரயேவோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இடத்தில் என்ன இருக்கிறது? முழங்கால் உயரத்துக்கு அஸ்திவாரக் கற்கள், புல், பக்கத்தில் சாலை. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அரை மணி நேரம் இருந்தேன். ஒரு பூனை வந்துவிட்டுப் போனது.

முஹாஷினோவிச்சி பக்கம் போனால் அதுவும் இல்லை. 1189இல் துப்ரோவ்னிக் வணிகர்களுக்குத் தன் நாட்டில் தடையில்லாமல் நடமாட உரிமை எழுதிக்கொடுத்த குலின் என்ற ஆட்சியாளரின் பெயர் பொறித்த கல்வெட்டு 1898இல் அங்கே கிடைத்தது. அந்தக் கல்லும் சரயேவோ போய்விட்டது. கடைசியாக ஒக்கோலிஷ்தே. போஸ்னா ஆற்றங்கரையில் சோளக்காடு. நான் நின்று பார்த்தது வெறும் சோளக்காடுதான், அதில் சந்தேகமே இல்லை. அந்த மண்ணுக்கு அடியில்தான் இந்தப் பள்ளத்தாக்கின் மெய்யான ஆதிகாலம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 ஆண்டுக்கு முன்பு வரிசை வரிசையாக வீடு கட்டி, அகழி வெட்டி, மாடு வளர்த்து வாழ்ந்த புதிய கற்காலப் பெரிய கிராமம். 2000களில் ஜெர்மானிய, போஸ்னியத் தொல்லியலாளர்கள் சேர்ந்து பொறுமையாகத் தோண்டினார்கள். மலையில் பிரமிடு தோண்டிய அதே வருடங்களில், அதே பள்ளத்தாக்கில்! ஒரு பக்கம் உலகத் தொலைக்காட்சிகள். இன்னொரு பக்கம் தூரிகையும் சல்லடையும் வைத்துக்கொண்டு குப்பைக்குழியில் கருகிய தானியம் பொறுக்கும் மாணவர்கள். பிறகு குழியை மூடி நிலத்தைச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டார்கள். தொல்லியலில் அதுதான் ஒழுங்கு. அதனால் பார்க்க எதுவும் மிச்சமில்லை.

நீங்கள் எதற்கு வந்தீர்கள்?

சாயங்காலம் முற்றத்தில் காபி. ஜெஸ்வா என்கிற கைப்பிடி வைத்த செம்புப் பாத்திரத்தில் காய்ச்சி, காதில்லாத குட்டிக் கிண்ணத்தில் ஊற்றி, சர்க்கரைக் கட்டியைக் காபியில் தொட்டு ஒரு கடி, பிறகு ஒரு வாய். மெதுவாகத்தான் குடிக்க வேண்டும், அவசரப்பட்டால் அவமரியாதை. நானோ அன்று பார்த்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். உங்கள் முதல் ராஜா சாலையோரம் புல்லுக்கடியில் கிடக்கிறார், நீங்கள் எல்லோரும் ஒரு மலையை விற்றுக்கொண்டிருக்கிறீர்கள், இது நியாயமா என்று கேட்டேன். கேட்டவிதம் கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான், இப்போது தெரிகிறது. விருந்தாளி வந்த இடத்தில் பஞ்சாயத்து செய்யக் கூடாது.

மகள் மொழிபெயர்த்து முடிக்கும் வரை அவர் காத்திருந்தார். எனக்கு இன்னொரு கிண்ணம் ஊற்றினார். பிறகு கேட்டார்: “நீங்கள் எங்கள் ஊருக்கு வந்தது அந்த ராஜாவைப் பார்க்கவா?”

நான் பதில் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார். ராஜா செத்து அறுநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, அன்றிலிருந்து அங்கேதான் இருக்கிறார், அவரைப் பார்க்க ஒருத்தரும் பஸ் ஏறி வந்ததில்லை என்றார். சொல்லிவிட்டு, அது பிரமிடு என்று தான் நம்புவதாக நான் நினைத்துவிட வேண்டாம் என்பது போல மலையைப் பார்த்து லேசாகத் தோளைக் குலுக்கினார். சின்ன வயதில் அந்தச் சரிவில் ஆடு மேய்த்தவர் அவர். அது என்ன மலை என்று அவருக்கா தெரியாது?

மகளுக்கு இது பிடிக்கவில்லை. அப்பா சொல்வது பாதி நியாயம்தான் என்றார். கல்லூரியில் படித்த காலத்தில், எங்கள் ஊர்க் குலின் கல்லைப் பார்க்கலாம் என்று தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனாராம். வாசலுக்குக் குறுக்கே பலகை வைத்து அடித்திருந்தார்கள். பணமில்லாமல் 2012 அக்டோபரில் மூடிய அருங்காட்சியகம் அது. திறந்தது 2015 செப்டம்பரில். நூறு ஆண்டுக்கும் மேல் பழைய நிறுவனத்துக்கு யார் பொறுப்பு என்பதையே இரண்டாகப் பிரிந்து கிடக்கும் நாட்டின் அரசாங்கங்கள் முடிவு செய்யவில்லை. ஊழியர்கள் மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் வந்து பொருள்களைக் காவல் காத்தார்கள். “கல்லைப் பார்க்க முடியாமல் ஊருக்குத் திரும்பி வந்தேன். இங்கே பஸ்ஸிலிருந்து பிரமிடுக்கு ஆள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்” என்றார். அதைச் சொல்லும்போது குரலில் இருந்தது கோபமா அவமானமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அப்பாவுக்காக அந்த வரியை அவர் மொழிபெயர்க்கவில்லை. அவரும் என்ன என்று கேட்கவில்லை.

அப்பாவும் மகளும் சொன்ன இரண்டும் எனக்குச் சரியாகப் பட்டன. சிக்கலே அதுதான். பொய் உண்மையின் சோற்றைப் பிடுங்குகிறது என்று நினைத்துத்தான் மலையிலிருந்து இறங்கியிருந்தேன். ஆனால் பிரமிடு வருவதற்கு முன்னால் மட்டும் மிலேயில் கூட்டம் அலைமோதியதா? அருங்காட்சியகத்தை மூடியது பிரமிடா?

இன்னொன்றும் அப்போது உறைத்தது. அந்த நாட்டில் உண்மையான வரலாற்றைத் தொட்டால் சுடும். த்வர்ட்கோவையே எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா குரோவாசியப் பிரபு வீட்டுப் பெண். பாட்டி செர்பிய ராஜவம்சம். முடிசூட்டிக்கொண்டபோது செர்பியர்களுக்கும் போஸ்னியாவுக்கும் அரசன் என்றே பட்டம் போட்டுக்கொண்டார். இன்றைக்குப் போஸ்னிய முஸ்லிம், செர்பியர், குரோவாசியர் என்ற மூன்று கூட்டத்தாரும் அவரை மூன்று பக்கம் இழுக்கலாம், இழுக்கிறார்கள். அவர் குலத்தின் லில்லிப் பூவை 1992இல் கொடியில் வைத்தார்கள். அது ஒரு தரப்பின் சின்னமாகிவிட்டது என்ற சச்சரவு ஓயவே இல்லை. புதுக் கொடிக்கு நாடாளுமன்றத்தால் ஒத்துப்போக முடியாமல், 1998இல் சர்வதேசப் பிரதிநிதி ஒருவர் தாமாகவே ஒன்றைத் தேர்ந்து பறக்கவிட்டார். நீலத்தில் ஒரு மஞ்சள் முக்கோணம். (ஆமாம், முக்கோணம்தான். சிரிப்பு வருகிறதா?) பிரமிடுக்கு இந்தத் தொல்லை இல்லை. 12,000 ஆண்டுக்கு முன்னால் கத்தோலிக்கரும் இல்லை, ஆர்த்தடாக்ஸும் இல்லை, முஸ்லிமும் இல்லை. 2020இல் செர்பிய டென்னிஸ் வீரர் நோவாக் ஜோகோவிச் இந்த முஸ்லிம் பெரும்பான்மை ஊருக்கு வந்து, சுரங்கத்துக்குள் போய், வாயாரப் புகழ்ந்துவிட்டுப் போனார். ஊர் அவரைக் கொண்டாடியது. த்வர்ட்கோவின் சமாதிக்கு அப்படி ஒரு விருந்தாளி வந்திருந்தால் எத்தனை விளக்க அறிக்கைகள் வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதனால் பொய்க்கு மன்னிப்பு கிடைத்துவிடாது. ரவ்னேயில் முழங்காலைப் பொத்திக்கொண்டிருந்த அம்மாள் மருத்துவரிடம் போவதை நிறுத்தியிருந்தால்? பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துவந்து கூழாங்கல் பாறையைக் காட்டி, இது உன் பாட்டன் ஊற்றிய கான்கிரீட் என்று சொன்னால்? தொல்லியலாளர்கள் போட்ட கையெழுத்தை நானும் போடுவேன், இன்றைக்கும். ஆனால் போட்டுவிட்டு அந்த வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து காபி குடிக்க வேண்டியிருந்தால் என்ன செய்வேன் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. மாடி அறைக்கு நான் கொடுத்த வாடகையும் பிரமிடு கொண்டுவந்த காசுதானே?

கிளம்பும்போது வீட்டுக்காரர் காகிதத்தில் சுற்றி உப்புக்கண்டம் கொடுத்தார். விலை கேட்டால் கையை ஆட்டி மறுத்துவிட்டார். அதற்கு ஈடாக எதையாவது வாங்க வேண்டும் போலிருந்தது. அதனால்தான் சார்ஷியாவில் அவருடைய தங்கை நடத்தும் கடையில் அந்த ஃப்ரிட்ஜ் பொம்மையை வாங்கினேன். கோட்டை பொம்மை இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன். இல்லை.

பேருந்து நிலையத்தில் சரயேவோ வண்டிக்குக் காத்திருந்தபோது, முதுகுப்பையோடு இறங்கிய இரண்டு இளைஞர்கள் வந்து மலையைக் காட்டிக் கேட்டார்கள்: அதுதானே பிரமிடு, போய்ப் பார்க்கிற அளவுக்கு இருக்குமா? ஏழு பேர் கையெழுத்து, மயோசீன் ஏரி, எல்லாம் நுனிநாக்குக்கு வந்துவிட்டன. முகத்தில் அப்படி ஓர் ஆசை அவர்களுக்கு.

“போங்கள். ஆனால் தோண்டின குழியோடு நின்றுவிடாதீர்கள், உச்சி வரைக்கும் ஏறுங்கள்” என்றேன். மேலே என்ன இருக்கிறது என்று கேட்டார்கள்.

“ஏறிப் பாருங்களேன்” என்றேன். அது பிரமிடு இல்லை என்று நான் சொல்லவில்லை.